கைகட்டு நேரம்

அந்த அறைக்கு ஏசி ரிமோட் ஒன்றே ஒன்று. அதன் மேல் உரிமை கொண்டாடாதவர் ஒருவர் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு வேர்த்துக் கொட்டும், அவர் குறைப்பார். ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்தவருக்குப் பல் கிட்டித்துப்போகும், அவர் கூட்டுவார். குறைத்தவர் "இன்னும் புழுங்குதே" என்று இன்னும் குறைப்பார், கூட்டியவர் "இது என்ன அறையா, ஐஸ் பெட்டியா" என்று இன்னும் கூட்டுவார். யார் சொல்வதைத்தான் கேட்கும் பாவம் அந்த இயந்திரம்? ஒருநாள் தண்ணீரைக் கக்கிவிட்டு அடங்கிப்போனது. பழுது பார்த்த மறுநாளே பஞ்சாயத்து அந்த ரிமோட்டை எடுத்துத் தன் மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வேணுங்கறவங்க எங்கிட்ட வந்து கேளுங்க. ஒருத்தர் மாத்தினா அரை மணி நேரத்துக்கு மத்தவங்க கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும். ரூம் குளிர்றதுக்கு நேரம் வேணாமா? பொண்ணு பாத்துட்டு வந்த அன்னிக்கே பேரன் எங்கேன்னு கேட்டா எப்படி?" என்றாள். அன்றிலிருந்து ஏசி ஒழுங்காக ஓடியது.

பஞ்சாயத்து என்று அவளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, வேலை வைத்தது. ஒரு செல்போன் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் இருந்தாள். சுவரை அடைத்துக்கொண்டு திரை, திரையை அடைத்துக்கொண்டு நகரத்தின் டவர்கள். அத்தனை டவரையும் மனுஷர் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் டவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வதற்கு ஆளுக்கொரு புரோகிராம் எழுதி விட்டிருந்தார்கள். ஆளில்லாத நேரத்தில் டவரைத் தூங்க வைத்துக் கரண்டை மிச்சம் பிடிக்க ஒன்று. அதை எழுதியவனுக்குக் கஞ்சன் என்று பெயர். ஒரு டவரில் கூட்டம் நெரிந்தால் அதில் பாதியைப் பக்கத்து டவருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க ஒன்று. அதை எழுதியவன் பங்காளி. இன்னும் இதுபோலச் சில.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் கெட்டிக்காரப் பிள்ளைதான். ஒரே வீட்டில் விட்டால்தான் வினை. பங்காளியின் புரோகிராம் ஒரு டவரின் கூட்டத்தைப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு மூச்சு விடும். கஞ்சனின் புரோகிராம் "அட, இங்கே ஆளையே காணோமே" என்று அந்த டவருக்குத் தாலாட்டுப் பாடிவிடும். அது தூங்கினதும் பக்கத்து டவருக்கு மூச்சு முட்டும். மறுபடி எழுப்பு, மறுபடி தள்ளு, மறுபடி தூங்க வை. நடுவில் அகப்பட்டவன் போனில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருப்பான்.

இதற்குத்தான் அவள் ஒன்று எழுதினாள். நடுவர் என்று அதற்குப் பெயர். எந்தப் புரோகிராமும் எந்த டவரில் எதை மாற்ற வேண்டுமென்றாலும் முதலில் நடுவரைக் கேட்க வேண்டும். ஒருவருக்குச் சரி என்று சொல்லிவிட்டால், அதன் பலன் தெரியும் வரைக்கும் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் விரலை அசைக்கக் கூடாது. அதற்குக் கைகட்டு நேரம் என்று பெயர். சட்டம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் கணக்கு. பகுதி பகுதியாக நடுவரை இறக்கிக்கொண்டே வந்தார்கள். இறக்கின இடத்திலெல்லாம் புகார் குறைந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே புரிந்தது. தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அவளுக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கையை இரண்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். தப்பு என்று ஒன்று நடந்தால் அது அடுத்த மேசையில்தான் நடந்திருக்கும் என்பது அவள் கட்சி. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்து தொலைத்தது. மற்றவர்களுக்கு எரிச்சலே அதில்தான்.

அன்று காலை அவள் நாற்காலியில் உட்காரும்போதே தங்கை போன் செய்தாள்.

"அக்கா, நேத்தும் நின்னுடுச்சு."

தங்கை காது கேளாதவர்களுக்காக மொழிபெயர்ப்பவள். வீட்டில் ஓர் அறையை இதற்கென்று ஒதுக்கி, பின்னால் நீலத் திரை கட்டி, வீடியோ காலில் உட்காருவாள். ஒரு பக்கம் டாக்டரோ அதிகாரியோ பேசுவார். மறுபக்கம் காது கேளாதவர் இவள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சைக் கையாகவும், கையைப் பேச்சாகவும் இவள் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். கட்டடம் புதிது. கம்பி இணைப்பு கொடுக்கிறவர்கள் "வர்றோம், வர்றோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களே தவிர வந்தபாடில்லை. எல்லாம் செல்போன் சிக்னலை நம்பித்தான்.

"அதே மத்தியான நேரமா?"

"ஆமா. வீட்டுக்காரர் குடித்தனக்காரர் கிட்ட பேசறார். 'வீட்டைக் காலி பண்ண'ங்கற வரைக்கும் காமிச்சேன். 'வேண்டாம்'னு காமிக்கறதுக்குள்ள படம் உறைஞ்சு போச்சு. அந்த மனுஷன் அங்கே அழ ஆரம்பிச்சுட்டாராம்."

பஞ்சாயத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சிரிக்காத. நீ சிரிக்கற, எனக்குத் தெரியும். வேலை குடுக்கற ஏஜென்சில கடைசியா சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை அறுந்தா ஆஸ்பத்திரி கால் எதுவும் எனக்குத் தரமாட்டாங்களாம். இன்னிக்கு நாலு மணிக்கு ஒண்ணு இருக்கு. ஒரு அம்மா. சின்னக் குழந்தைக்கு இதயத்துல ஆபரேஷன் பண்ணிருக்கு. என்ன நிலைமைன்னு டாக்டர் இன்னிக்குச் சொல்றார். இதுக்கு மேல நான் சொல்லக்கூடாது, நீயும் கேக்கக்கூடாது."

"என் வீட்டுக்கு வந்துடேன். அங்கே சிக்னல் பிச்சிக்கிட்டுப் போகும்."

"இந்த ரூமைத்தான் நேர்ல வந்து பாத்து சரின்னிருக்காங்க. ஆஸ்பத்திரி விஷயம் வேற யார் காதுலயும் விழக்கூடாது. கண்ட எடத்துல உக்காந்து பேச முடியாது." தங்கையின் குரல் கொஞ்சம் இறங்கியது. "வேலை போனா போகட்டும்க்கா. நாளைக்கு வேற பாத்துக்கலாம். 'உங்க குழந்தை'ன்னு காமிச்சுட்டு என் படம் நின்னு போச்சுன்னா அந்தம்மா என்ன நினைப்பாங்க? அதைச் சொல்லு."

பஞ்சாயத்துக்குச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"நாலு மணிக்கு உன் படம் நிக்காது. நான் சொல்றேன்ல? போய் வேலையைப் பாரு."

சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்தான். ஆனால் இதில் ஒரு விஷயம் இருந்தது, அது அவளையும் கம்ப்யூட்டரையும் தவிர யாருக்கும் தெரியாது.

தங்கை முதன்முதலாகப் புலம்பிய சமயம் நடுவர் அந்த வட்டாரத்துக்கு வந்திருக்கவில்லை. கஞ்சனும் பங்காளியும் அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பஞ்சாயத்து பொறுக்க முடியாமல் தங்கை தெருவைப் பார்த்துக்கொள்ளும் டவருக்குள் நேரே நுழைந்து, நன்றாக இருந்த ஒரு நாளின் அளவுகளையெல்லாம் அப்படியே வைத்து, தன் கையாலேயே ஒரு பூட்டுப் போட்டுவிட்டாள். இனி எவன் வந்து என்ன மாற்றச் சொன்னாலும் அந்த டவர் மாறாது. அவசரத்துக்கு என்று எல்லா எஞ்சினியருக்கும் அப்படி ஒரு கொல்லைப்புற வழி உண்டு. அதன் வழியாகப் போனால் யாரையும் கேட்க வேண்டாம். பிறகு நடுவர் அங்கேயும் வந்தது. பூட்டை எடுத்துவிட்டு நடுவரிடம் முறையாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் நடுவர் காரணம் கேட்கும். காரணம் எல்லோர் திரையிலும் தெரியும். 'என் தங்கைக்காக' என்று எப்படி எழுதுவது? பூட்டும் இருக்கட்டும், நடுவரும் இருக்கட்டும், இரட்டைக் காவல் நல்லதுதானே என்று விட்டுவிட்டாள். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆக, தங்கை டவரில் தப்பு இருக்க வழியே இல்லை. அதைத்தான் அவளே பூட்டி வைத்திருக்கிறாளே! தப்பு பக்கத்து டவரில்தான். மார்க்கெட் டவர் என்பார்கள் அதை. அங்கே இன்னும் யாரோ சேட்டை பண்ணுகிறார்கள். யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. எழுந்து நேரே கஞ்சன் மேசைக்குப் போனாள்.

"மார்க்கெட் டவரைத் தூங்க வைக்கறியா?"

கஞ்சன் ஆள் ஒல்லி, வாய் மட்டும் அகலம். அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணைப்பான். உள்ளே ஆள் இருந்தாலும் அணைப்பான். "தூங்க வைக்கறேன். உன் நடுவர் கிட்ட கேட்டுத்தான் வைக்கறேன். அது சரின்னுச்சு."

"எந்த நேரம் பாத்துக் கேட்டே?"

"உன் நடுவர் நல்ல நேரம் கெட்ட நேரம் பாக்குமா? பாக்கறதுக்குத்தானே நீ அதைப் பெத்து வச்சிருக்க?"

"இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். அந்த வட்டாரத்துல உன் புரோகிராமை நிறுத்து. இப்பவே."

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கஞ்சன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று முனகினான். ஆனாலும் நிறுத்தினான். அவள் சொல்லி இதுவரை தப்பாகப் போனதில்லை என்று அவனுக்கும் தெரியும்.

மத்தியானம் தங்கையைச் சோதனைக்கு அழைத்தாள். மேசையில் போனை நிறுத்திவைத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டாள். தங்கையின் போன் எந்த டவரில் இருக்கிறது என்பதைத் திரையில் திறந்துகொண்டாள். தங்கை வேண்டுமென்றே தன்னோடு இருக்கும் அம்மாவைப் பற்றி வம்பு பேசினாள், கையால். இவளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் புரியும். "நம்ம வீட்டுப் பொண்ணு டவர் கம்பெனில இருக்கா, நம்ம வீட்லயே சிக்னல் இல்ல" என்று அம்மா பக்கத்து வீட்டில் அங்கலாய்ப்பதை, மூக்கைச் சுளிப்பது முதல் முந்தானையை உதறுவது வரை அப்படியே பிடித்துக் காட்டினாள்.

முந்தானையை உதறுகிற இடத்தில் படம் உறைந்துவிட்டது. தங்கையின் கை அந்தரத்தில் நின்றது.

திரையில் தங்கையின் போன் மார்க்கெட் டவரிலிருந்து தங்கை தெரு டவருக்கு வந்தது. உடனே மார்க்கெட் டவருக்கே போனது. மறுபடி இங்கே வந்தது. மறுபடி அங்கே. இவள் கண்ணுக்கு முன்னால், ஆடுபுலி ஆட்டம்.

"தூங்க வைக்கலையே?" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"என் புரோகிராமே தூங்குது தாயே, காலையிலேர்ந்து!" என்றான் கஞ்சன். அவன் முகத்தில் இருந்த திருப்தியைச் சொல்லி மாளாது.

அப்படியானால் பங்காளி. அவன் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன். அவளைவிட ஒன்றிரண்டு வயது சின்னவன். அவள் வந்து நின்ற வேகத்தைப் பார்த்ததுமே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"நான் நடுவர் கிட்ட கேட்டுத்தான் தள்ளினேங்க. மத்தியானம் மார்க்கெட்ல கூட்டம். கொஞ்சப் பேரை உங்க தங்கச்சி தெரு டவருக்குத் தள்ளட்டுமான்னு என் புரோகிராம் கேட்டுச்சு. நடுவர் சரின்னுச்சு. கைகட்டு நேரமும் குடுத்துச்சு. யாரும் குறுக்க வரல."

"வரலைன்னா ஏன் போன் அங்கயும் இங்கயும் ஓடுது?"

பங்காளி ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு கட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்தான். "இது ரெண்டு வீட்டுக்கு நடுவுல வேலின்னு வச்சுக்கோங்க. உங்க தங்கச்சி இந்த வேலியோரத்துலதான் இருக்காங்க. கூட்டத்தைத் தள்ளணும்னா வேலியை நகர்த்தணும். ரெண்டு வீட்டுக்காரரும் சேர்ந்து நகர்த்தணும். மார்க்கெட் டவர் 'வேலி இனிமே இங்கதான்'னு புரிஞ்சுக்கிட்டு ஆளை அனுப்புது. உங்க தங்கச்சி தெரு டவர் 'வேலி பழைய எடத்துலதானே இருக்கு, நீ எதுக்கு இங்க வந்தே'ன்னு திருப்பி அனுப்புது. நடுவர் ரெண்டு பேருக்கும்தான் சொல்லுச்சு. அந்த டவரும் 'சரி'ன்னுதான் பதில் போட்டிருக்கு. ஆனா நகரவே இல்ல." அவன் காகிதத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான். "யாராவது பூட்டுப் போட்டிருந்தாத்தான் இப்படி ஆகும். ஆனா பூட்டு நடுவர் கண்ணுக்குத் தெரியணுமே."

அம்மா சொல்வதற்கெல்லாம் 'ம்' கொட்டிவிட்டு இடத்தை விட்டு எழுந்திருக்காத பிள்ளை மாதிரி, அந்த டவர் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. உட்காரச் சொன்னது யார்?

அவளுக்குக் காது மடல் சுட்டது. வீட்டைக் காலி பண்ணச் சொன்னதாக நினைத்து அழுத அந்த மனுஷர் ஞாபகம் வந்தது. காலையில் தனக்கு வந்த சிரிப்பும் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. கொல்லைப்புறமாகவே போய்ப் பூட்டை எடுத்துவிட்டு 'சரியாயிடுச்சு' என்று வந்து உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. யாருக்குத் தெரியப்போகிறது? பங்காளி வாயைத் திறக்க மாட்டான். கஞ்சன்தான் பாவம், காலையில் அத்தனை பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்தப் 'பாவம்' அவளை விடவில்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னதை அத்தனை பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். அறையின் நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்க. தங்கச்சி தெரு டவர்ல பூட்டுப் போட்டது நான். நடுவருக்குத் தெரியாம, கொல்லைப்புறமாப் போட்டேன். அவ வீடியோ கால் அறுந்தது அதனாலதான். காலையில இவனைத் திட்டினது தப்பு. மன்னிச்சுக்கோ."

கஞ்சன் காதில் விரலை விட்டுக் குடைந்தான். "எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லேன்."

"உதைப்பேன்."

அறை சிரித்துத் தீர்த்தது. சத்தம் கேட்டு மேனேஜர் தன் கண்ணாடி அறையிலிருந்து வந்தார். நல்ல மனுஷர். கீழே இருப்பவர்களுக்கு ஓர் இக்கட்டு என்றால் தாங்கமாட்டார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்குக் கால். அவ்வளவுதானேம்மா? இப்பப் போய்ப் பூட்டை எடுத்தா, அந்த வட்டாரமே புதுசா ஒழுங்காகணும். அது எந்த நேரத்துல எப்படி ஆகுமோ. ஒண்ணு செய். மார்க்கெட் டவருக்கும் ஒரு பூட்டுப் போட்டுடு. ரெண்டும் ஆடாம அசையாம நிக்கும். வேலி நகரவே நகராது. கால் முடிஞ்சதும் ரெண்டையும் எடுத்துடலாம். குழந்தை விஷயம். யாரு என்ன கேக்கப்போறாங்க? நான் பாத்துக்கறேன்."

நல்ல யோசனைதான். அதுதான் வம்பே. செய்தால் தங்கையின் படம் நிற்காது, சத்தியமாக நிற்காது. ஆனால் அது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். மார்க்கெட் டவரைச் சுற்றிப் பஸ் நிலையம், கடைகள், பிள்ளைகளைக் கூப்பிட வந்தவர்கள். அத்தனை கூட்டமும் தள்ளிவிட வழியில்லாமல் அந்த ஒரு டவருக்குள்ளேயே நசுங்கும். அதில் எத்தனை 'உங்க குழந்தை' பாதியில் அறுந்து தொங்குமோ? அவர்களுக்கு டவர் கம்பெனியில் அக்கா கிடையாது.

"வேண்டாம் சார்" என்றாள். "நான் கட்டினதை நானே நம்பலைன்னா, மத்தவங்க எதுக்கு நம்பணும்?"

"தங்கச்சி வேலைம்மா."

"அவகிட்ட கேட்டுடறேன்."

தங்கைக்குப் போன் போட்டு, ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். பூட்டுப் போட்டது நான், உன் வீடியோ கால் அறுந்தது என்னால், இன்னொரு பூட்டுப் போட்டால் இன்றைக்கு நிச்சயமாகத் தப்பிக்கலாம், போடாமல் விட்டாலும் நிற்காது என்று நான் நம்புகிறேன், ஆனால் நம்பிக்கைதான், சத்தியமில்லை. தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு பேசினாள்.

"சின்ன வயசுலயும் நீ இப்படித்தான். நான் எழுதற பரீட்சைக்கு நீ பென்சில் சீவிக் குடுப்ப. ஊசியாச் சீவுவ. மொத வரியிலயே ஒடிஞ்சு போகும்."

"திட்டணும்னா நல்லாத் திட்டிக்கோ."

"அப்புறமாத் திட்டறேன், நிறைய இருக்கு. பூட்டை எடுத்துடுக்கா. ஊருக்கு எப்படியோ எனக்கும் அப்படி. நீ எழுதினதுன்னா அது தாங்கும்."

இவள் போனை வைத்துவிட்டுப் பூட்டை எடுத்தாள். இந்தத் தடவை வாசல் வழியாக, நடுவரிடம் கேட்டு. காரணம் என்ன என்று நடுவர் கேட்டது. 'நான் செய்த தப்பு' என்று எழுதினாள். எல்லோர் திரையிலும் தெரிந்தது. நடுவர் சரி என்றது, இரண்டு டவருக்கும் வேலி எங்கே என்று ஒரே குரலில் சொன்னது, கைகட்டு நேரம் கொடுத்தது. இரண்டும் நகர்ந்தன. பலன் தெரிகிற வரை அறையே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. அது முடிந்ததும் கஞ்சன் பக்கம் திரும்பினாள்.

"உன்னோடதையும் திருப்பி ஓட விடு."

"இப்பவா? கால் முடியட்டுமே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"இப்பதான். எல்லாம் ஓடும்போது படம் நிக்கலைன்னாத்தான் நடுவர் தாங்கினதா அர்த்தம்."

நாலு மணிக்குத் தங்கையின் கால் தொடங்கியது. படமும் பேச்சும் இவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. திரையில் ஒரு பச்சைக் கோடு, அது எந்த டவரில் இருக்கிறது என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் உட்கார்ந்து இவள் தங்கையின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். பஞ்சாயத்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். கஞ்சன் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பங்காளி பின்னால் நின்றான்.

பள்ளிக்கூடம் விட்டது. மார்க்கெட் டவரில் கூட்டம் ஏறியது, மஞ்சளாகி, ஆரஞ்சாகியது. பங்காளியின் புரோகிராம் நடுவரைக் கேட்டது: கொஞ்சம் பேரைத் தள்ளட்டுமா? பின்னாலிருந்து பங்காளி, "கேக்காதேடா, இப்பக் கேக்காதே" என்று தான் பெற்ற பிள்ளையை வாய்க்குள்ளேயே கெஞ்சினான். அது கேட்குமா? நடுவர் இரண்டு டவரையும் பார்த்தது. சரி என்றது. கைகட்டு நேரம் தொடங்கியது. வேலி நகர்ந்தது.

பச்சைக் கோடு மார்க்கெட் டவரை விட்டுத் தங்கை தெரு டவருக்குத் தாவியது.

அவள் கை மடியை விட்டு எழும்பி மவுஸ் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. எப்போது எழும்பியது என்று அவளுக்கே தெரியாது. ஒரு சொடுக்கு. கொல்லைப்புறம் திறந்துதான் கிடக்கிறது. பூட்டிவிட்டால் போன் திரும்பி ஓடாது. திரும்பப் போய்விடுமோ, இப்போதே போய்விடுமோ, டாக்டர் எந்த வார்த்தையில் இருக்கிறாரோ.

கஞ்சன் கையை நீட்டினான். மவுஸை மட்டும் அவள் கைக்கு அடியிலிருந்து மெதுவாக உருவித் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

இந்த நேரம் பார்த்து அவனுடைய புரோகிராமும் எழுந்து வந்து நடுவரைக் கேட்டது: அந்த மூலையில் ஒரு டவர் சும்மா இருக்கிறதே, தூங்க வைக்கட்டுமா? கஞ்சனுக்கே முகம் வெளுத்துவிட்டது. நடுவர் பதில் போட்டது. பொறு, கையைக் கட்டிக்கொண்டிரு. அது கட்டிக்கொண்டது.

பச்சைக் கோடு திரும்பிப் போகவில்லை. வந்த வீட்டிலேயே இருந்தது. மார்க்கெட் டவர் ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது, மஞ்சளிலிருந்து பச்சைக்கு. பஸ் நிலையத்தில் யாரும் அறுந்து தொங்கவில்லை. தங்கையின் கோடு நீளமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. கால் முடிந்ததும் தானாக மறைந்தது.

"தாங்கிடுச்சு" என்றான் பங்காளி. அவன் சத்தமாகப் பேசி அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

நடுவர் தாங்கிவிட்டது, அதில் பஞ்சாயத்துக்குச் சந்தேகமில்லை. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடிக்கவில்லை. கோடு அறுபடவில்லை என்று திரை சொல்லும். டாக்டர் என்ன சொன்னார் என்று எந்தத் திரை சொல்லும்? ஒரு பிசிறு இல்லாமல், ஒரு நொடி உறையாமல், மிகத் துல்லியமாக அந்தத் தாய்க்குக் கெட்ட செய்தியும் போய்ச் சேர்ந்திருக்கலாம். இதை அவள் இதுவரை நினைக்கவே இல்லை.

கடைசியில் அடித்தது.

"அக்கா." தங்கையின் குரல் கரகரவென்று இருந்தது. "முழுசா முடிஞ்சுது. ஒரு எடத்துலயும் நிக்கல."

"பாத்தேன். குழந்தைக்கு…"

"கேக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல."

"சரி. கேக்கல."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா, எதற்கு அழுகிறாள், ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏஜென்சியிலேர்ந்து இப்பதான் பேசினாங்க" என்றாள் தங்கை. "நாளன்னிக்கு எனக்கு இன்னொரு கால் குடுத்திருக்காங்க. அதே அம்மாதான். வேற ஆள் வேண்டாம், இவங்களே வரட்டும்னு கேட்டாங்களாம்."

"எந்த ஆஸ்பத்திரிலேர்ந்து?"

"ஆஸ்பத்திரி இல்லக்கா. அவங்க வீட்லேர்ந்து. குழந்தைக்கு என்னென்ன சாப்பிடக் குடுக்கலாம்னு நர்ஸ் கிட்ட கேக்கணுமாம்."

பஞ்சாயத்து போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஓவென்று அழுதாள்.